ஹேக்கருக்கும் அதிகாரத்துக்கும் தாக்குப்பிடிக்கும் கிரிப்டோ எது?

2025 பிப்ரவரி 21. கிரிப்டோ வாங்கி விற்கும் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் வழக்கமான ஒரு வேலை நடக்கிறது. பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்த வாலட்டிலிருந்து அன்றாடப் புழக்கத்துக்கான வாலட்டுக்குக் கொஞ்சம் ஈதரை, அதாவது எதீரியம் என்ற நெட்வொர்க்கின் காயினை, மாற்ற வேண்டும். ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்து போதாது, பல பேர் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். முகவரி சரி, தொகை சரி. ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள்.

அவர்கள் பார்த்த திரை பொய். அந்தத் திரையைத் தயாரித்துக் கொடுத்த சேஃப் என்ற மென்பொருளின் டெவலப்பர் ஒருவருடைய கணினிக்குள் ஹேக்கர்கள் முன்பே புகுந்திருந்தார்கள். பைபிட் ஆட்கள் திறக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி ஒரு நிரலைச் செருகியும் வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்றில். சுமார் 4 லட்சம் ஈதர், 150 கோடி டாலர் மதிப்பு, சில நிமிடங்களில் போனது. செய்தது வட கொரிய ஹேக்கர்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

அன்று எதீரியம் நெட்வொர்க்கில் ஒரு கோளாறும் இல்லை. செல்லுபடியாகும் கையெழுத்து வந்தது, அது சொன்னபடி பணத்தை நகர்த்தியது, அவ்வளவுதான். கிரிப்டோ பாதுகாப்பானதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறேன். கோட்டைச் சுவர் நின்றது, கதவு திறந்துகொடுத்தது. எந்தக் காயின் வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள், அதை எந்தக் கதவுக்குப் பின்னால் வைப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் இந்த ஒப்பீட்டில் காயினையும் அதை வைக்கும் இடத்தையும் சேர்த்தே பார்க்கிறேன். எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் திருடுகிற ஹேக்கர். இன்னொருவர் உத்தரவு போட்டோ, பணபலத்தைக் காட்டியோ வளைக்கிற அதிகாரம். ஒருவருக்குத் தாங்குவது மற்றவருக்கும் தாங்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். வாங்கிய இடத்திலேயே வைப்பது. கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தருவார்கள், ஏதாவது சிக்கல் என்றால் கேட்க ஆள் இருப்பார்கள். இந்த வசதி பொய்யில்லை. ஆனால் உங்கள் கணக்கில் தெரியும் எண், அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். காயின் அவர்களிடம், அதை நகர்த்தும் ரகசிய எண்ணான சாவியும் அவர்களிடம்.

டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றது. பின்னர் 2 லட்சம் கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரும் வேலை தொடங்கவே பத்தாண்டு ஆனது. 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸிலிருந்து 1,19,756 பிட்காயின் போனது. 2022 நவம்பரில் விழுந்த எஃப்டிஎக்ஸுக்கு ஹேக்கரே தேவைப்படவில்லை, வாடிக்கையாளர் பணத்தை நிறுவனர் தரப்பே எடுத்துச் செலவழித்திருந்தது. பைபிட்டோ கடன் வாங்கியாவது வாடிக்கையாளர்களுக்கு முழுதாகக் கொடுத்தது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று எந்த நிரலும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மனது வைத்தார்கள், கடன் கிடைத்தது.

அதிகாரத்தின் முன்னால் எக்ஸ்சேஞ்ச் இன்னும் பலவீனம். அதற்கு அலுவலகம் உண்டு, உரிமம் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. 2022 பிப்ரவரியில் கனடாவில் லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது காவல்துறை கிரிப்டோ முகவரிகளின் பட்டியலை எக்ஸ்சேஞ்சுகளுக்கு அனுப்பி, அவற்றோடு பரிவர்த்தனை கூடாது என்றது. அதே சமயம் ஒன்டாரியோ நீதிமன்றம் ஒன்று முடக்க உத்தரவு போட்டபோது, நங்க்சக் என்ற வாலட் மென்பொருள் நிறுவனம் பகிரங்கமாகப் பதில் எழுதியது: பயனாளர்களின் சாவி எங்களிடம் இல்லை, அதனால் எங்களால் முடக்க முடியாது. போராட்டம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. சாவி இருக்கும் இடத்துக்குத்தான் உத்தரவு போகும் என்பது அந்தக் கடிதத்தில் தெளிவாகத் தெரிகிறது.

2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த, பங்குச் சந்தையில் வாங்கும் பிட்காயின் நிதிகளான இடிஎஃப்களும் இந்த வகைதான். விலை ஏற்றம் மட்டும் போதும் என்பவருக்கு அது நேர்மையான வழி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் காயின்களைக் காப்பது காயின்பேஸ் என்ற ஒரே நிறுவனம். யாரும் முடக்க முடியாத பணம் வேண்டும் என்று இதை வாங்கினால், அந்த எண்ணம் நிறைவேறாது.

சொந்த வாலட்டில் பிட்காயின்

சுவரைப் பற்றி முதலில். பிட்காயினை உடைக்கவே முடியாது என்று சிலர் சொல்வது உண்மையில்லை. 2010 ஆகஸ்ட் 15 அன்று 74,638ஆம் பிளாக்கில், அதாவது பரிவர்த்தனைகளைத் தொகுத்த பதிவில், யாரோ ஒருவர் நிரலில் இருந்த எண்கணிதப் பிழையைப் பயன்படுத்தி 18,400 கோடி பிட்காயின்களை உருவாக்கினார். மொத்தமே 2.1 கோடிதான் இருக்க வேண்டிய காயின் அது. சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது, எந்திரங்களை ஓட்டிப் பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள் அதற்கு மாறினார்கள், அந்தப் பிளாக்குகளின் சங்கிலி கைவிடப்பட்டது. 2018 செப்டம்பரில் இன்னொரு பிழை தெரியவந்தது. அதையும் பயன்படுத்திக் காயினைப் பெருக்கியிருக்கலாம். கண்டுபிடித்தவர் போட்டிக் காயினான பிட்காயின் கேஷின் டெவலப்பர். அவர் திருடவில்லை, ரகசியமாகத் தகவல் சொன்னார். நிரலை எல்லோரும் படிக்கலாம் என்பதால் கெட்டவர் கண்ணிலும் படும், நல்லவர் கண்ணிலும் படும். இதுவரை நல்லவர்கள் முந்தியிருக்கிறார்கள், 2010இல் தாமதமாகவாவது.

அதிகாரத்தின் சோதனையில் பிட்காயின் காட்டியதுதான் எனக்கு அதைவிட முக்கியம். ஒப்பிட இரண்டு முயற்சிகளை எடுத்துக்கொள்வோம். 1996இல் தொடங்கிய ஈ-கோல்டு தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட இணையப் பணம். 2007இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, நிறுவனர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஈ-கோல்டும் முடங்கியது. 2019 ஜூனில் ஃபேஸ்புக் அறிவித்த லிப்ராவோ பணபலத்துக்குக் குறைவில்லாதது. அமெரிக்கச் செனட்டர்கள் கண்டித்ததும் அக்டோபரிலேயே விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் கழன்றுகொண்டன. பெயரை டியெம் என்று மாற்றியும் பயனில்லை, 2022 ஜனவரியில் சொத்துகளை விற்று மூடினார்கள். இரண்டிலுமே அரசு போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது.

பிட்காயினுக்கு அப்படியொரு கதவு கிடையாது. 2021 மே மாதம் சீனா மைனிங்கைத் தடுத்தபோது பிளாக்குகளை உருவாக்கும் உலகின் கணினி வலுவில் மிகப் பெரிய பங்கு அங்கேதான் இருந்தது. ஜூலை தொடக்கத்துக்குள் நெட்வொர்க்கின் வலு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. என்ன நடந்தது? பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய பிளாக் தாமதமாக வந்தது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, பிளாக்கை உருவாக்க மைனர்கள் போடும் கணக்கின் கடினத்தைத் தானே திருத்திக்கொள்ளும் விதி வேலை செய்தது, கடினம் ஒரே தடவையில் சுமார் 28 சதவீதம் இறங்கியது. எந்திரங்கள் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போயின. ஆண்டு முடிவதற்குள் வலு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அந்த மாதங்களிலும் நெட்வொர்க் நிற்கவில்லை. ஒரு பேரரசு தன் எல்லைக்குள் பிடுங்கி எறிந்த பிறகும் உயிரோடிருந்த பணம் இது.

அதிகாரம் என்றால் அரசு மட்டுமில்லை. 2017 மே மாதம் 50க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், மைனிங் வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருந்தவர்கள், நியூயார்க்கில் கூடி பிட்காயினின் பிளாக் அளவை இரட்டிப்பாக்க உடன்பட்டார்கள். பணம், எந்திரம், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் அவர்கள் பக்கம். ஆனால் பிளாக்குகளைச் சரிபார்க்கும் நோடு என்ற மென்பொருளை வீட்டில் சொந்தமாக ஓட்டிய சாதாரணப் பயனாளர்கள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. விதியை மீறிய பிளாக்கை நோடு குப்பையில் போட்டுவிடும், எவ்வளவு மின்சாரம் செலவழித்து அதை உருவாக்கியிருந்தாலும் சரி. நவம்பர் 8ஆம் தேதி திட்டத்தையே கைவிட்டார்கள். மையமற்ற பணம் என்ற சொல்லை நான் நம்பத் தொடங்கியது அந்த நாளில்தான்.

இன்றைய நிலையில் எனக்குக் கவலையும் உண்டு. மைனர்கள் சேர்ந்து இயங்கும் சில பெரிய பூல்களில் மைனிங் வலு குவிந்துவிட்டது, முதல் இரண்டு பூல்கள் சேர்ந்தாலே பாதியை எட்டுகிற நாட்கள் வருகின்றன. பாதிக்கு மேல் வைத்திருப்பவர் அண்மைப் பரிவர்த்தனைகளை மாற்றி எழுதலாம். 2014இல் கிஹேஷ் என்ற பூல் 51 சதவீதத்தைத் தொட்டபோது மைனர்கள் தாங்களாகவே விலகினார்கள். அடுத்த முறையும் அப்படி விலகுவார்கள் என்று எந்த விதியும் இல்லை. குவாண்டம் கணினி இன்னொன்று. அது பெரிதாக வளர்ந்தால், கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவி ஏற்கெனவே வெளியே தெரிந்த பழைய முகவரிகள்தான் முதலில் ஆபத்துக்குள்ளாகும். கையெழுத்து முறையை மாற்றுவது பற்றிய பேச்சு டெவலப்பர்களிடையே நடக்கிறது. அது இன்னும் வேகம் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது கதவு. சொந்த வாலட் என்றால் கதவும் நீங்கள், காவலும் நீங்கள். சாவியை மீண்டும் உருவாக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள், அவைதான் பணம். அவற்றைத் தொலைத்தால் உலகில் யாராலும் மீட்டுத் தர முடியாது. ஃபோனில் படமெடுத்து வைத்தால் அந்தப் படம் கிளவுடுக்குப் போகும், பிறகு ஹேக்கரும் அங்கே போவார். பிட்ஃபினெக்ஸ் திருட்டுப் பணத்தை 2022இல் புலனாய்வாளர்கள் மீட்டதே இப்படித்தான்: திருடன் தன் சாவிகளை கிளவுடில் ஒரு கோப்பில் பூட்டி வைத்திருந்தான், அவர்கள் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். சுமார் 94,000 பிட்காயின் கைக்கு வந்தது.

உங்களிடம் இருக்கிறது என்று பிறருக்குத் தெரிவதும் ஆபத்து. 2020இல் சாவியைக் காக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட்டை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,70,000 பேரின் வீட்டு முகவரி இணையத்தில் கொட்டியது. 2025 ஜனவரியில் பிரான்ஸில் அதே நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவரைக் கடத்தி, விரலை வெட்டிப் பிணைத்தொகை கேட்டார்கள். கணித ரீதியாக உடைக்க முடியாத சாவி, கத்தி முனையில் கைமாறிவிடும். மூன்று தனிச் சாவிகளை உருவாக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி அவற்றை வெவ்வேறு இடத்தில் வைக்கும் மல்டிசிக் முறை இதற்குத்தான். அந்த இடத்தில் நின்று நீங்களே நினைத்தாலும் உடனே திறக்க முடியாது.

எதீரியமும் அதன் மேல் கட்டியவையும்

எதீரியத்தின் அடித்தளம் திடமானது. ஆனால் அதன் பலமே பலவீனமும்கூட. பணத்தை வைப்பது மட்டுமின்றி நிரலும் ஓட்டலாம் என்பதால் ஒவ்வொரு நிரலும் ஒரு புதிய கதவு. 2016 ஜூனில் தி டாவ் என்ற கூட்டு நிதியின், சங்கிலியில் தானே இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டில் இருந்த ஓட்டை வழியாக 36 லட்சம் ஈதர் வெளியேறியது. ஜூலை 20 அன்று பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டு சங்கிலியையே பிளந்து பணத்தைத் திருப்பினார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள், அதுதான் எதீரியம் கிளாசிக். அன்று முடிவெடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு நல்லது செய்தார்கள். ஆனால் ஒருமுறை நல்லதுக்காகத் திருப்பி எழுதியவர்களிடம் அடுத்த முறை ஓர் அரசு வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. கிளாசிக்கின் பாதையும் பாடம் சொல்கிறது. கொள்கை காத்தார்கள், ஆனால் மைனிங் வலு குறைவு. 2020 ஆகஸ்டில் மட்டும் மூன்று முறை 51 சதவீதத் தாக்குதலுக்கு உள்ளானார்கள். சின்னச் சங்கிலி எவ்வளவு மையமற்றதாக இருந்தாலும் வாடகைக்கு எடுத்த எந்திரத்திடம் தோற்றுவிடும்.

ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் கடத்தும் பிரிட்ஜ்களைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. கடக்கும் நேரத்தைத் தாண்டி அங்கே பணம் வைக்காதீர்கள். ரோனின் பிரிட்ஜுக்கு ஒன்பது சாவிகள், அதில் ஐந்து போதும். 2022 மார்ச்சில் அந்த ஐந்தும் ஹேக்கரிடம் போய் 60 கோடி டாலருக்கு மேல் மறைந்தது. ஆறு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள்.

அதிகாரத்தோடு எதீரியம் மோதிய இடம் டொர்னாடோ கேஷ். பரிவர்த்தனையின் தடத்தை மறைக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் அது. வட கொரிய ஹேக்கர்களும் பயன்படுத்தினார்கள், தன் சம்பளம் ஊருக்கே தெரியக்கூடாது என்று நினைத்தவர்களும் பயன்படுத்தினார்கள். 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித்துறை அதன் மேல் தடை விதித்தது. இணையதளம் மறைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் எதீரியத்தின் பிளாக்குகளில் முக்கால் பங்குக்கு அருகில், பிளாக்குகளைக் கைமாற்றும் இடைத்தரகர்களான ரிலேக்களில் தடைப்பட்டியலை மதிப்பவை வழியே வந்தன. அப்போதும் கான்ட்ராக்ட் நிற்கவில்லை. மதிக்காத அடுத்த பிளாக் வரும்வரை பரிவர்த்தனை காத்திருந்தது, பிறகு நுழைந்தது. 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாத நிரலை ஒருவரின் சொத்தாகக் கருதித் தடை செய்ய முடியாது என்றது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

நிரல் வென்றது. அதை எழுதியவர்கள்? ஒருவருக்கு 2024 மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் 5 ஆண்டு 4 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. இன்னொருவரை 2025 ஆகஸ்டில் நியூயார்க் ஜூரி ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது. மையமற்ற நெட்வொர்க்கைப் பிடிக்க முடியாத அதிகாரம், பக்கத்தில் நிற்கும் மனிதரைப் பிடிக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. நாம் அனுபவிக்கும் சுதந்திரத்துக்கு யாரோ ஒருவர் தன் வாழ்நாளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்டேபிள்காயினும் மோனெரோவும்

டாலருக்கு இணையான மதிப்பில் வைக்கப்படும் ஸ்டேபிள்காயினுக்கு டாலரின் நிலைத்தன்மை உண்டு, கிரிப்டோவின் வேகம் உண்டு. ஆனால் யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி என்ற இரண்டு ஸ்டேபிள்காயின்களிலும் எந்த முகவரியையும் முடக்கும் கட்டளை நிரலுக்குள்ளேயே இருக்கிறது. டொர்னாடோ தடை வந்ததும் யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் அந்த முகவரிகளில் இருந்த சுமார் 75,000 யுஎஸ்டிசியை முடக்கியது. திருட்டுப் பணத்தைப் பிடிக்க இதே கட்டளை உதவுகிறது என்பதும் உண்மை, பலருக்கு இழந்தது திரும்பியிருக்கிறது. இதோடு வங்கி ஆபத்தும் சேரும்: 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி விழுந்தபோது சர்க்கிளின் 330 கோடி டாலர் அங்கே மாட்டியது, ஒரு டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி 90 சென்ட்டுக்குக் கீழே போனது. அனுப்பவும் வாங்கவும் நல்லது. பல ஆண்டு சேமிப்புக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மோனெரோ என்ற காயினில் அனுப்பியவர், பெற்றவர், தொகை எதுவும் வெளியே தெரியாது. கண்காணிக்கும் அதிகாரத்துக்கு எதிராக இதைவிட நல்ல கவசம் பெரிய காயின்களில் இல்லை. அதனாலேயே எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன, பைனான்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் நீக்கியது. 2025இல் கியூபிக் என்ற குழு மைனிங் வலுவைக் குவித்து, ஆகஸ்டில் 6 பிளாக்குகளையும் செப்டம்பரில் 18 பிளாக்குகளையும் மாற்றி எழுதியது. ஒற்றர் கண்ணுக்குத் தப்பும் சங்கிலி, ஒரு பணக்காரக் குழுவிடம் தடுமாறியது.

நான் எப்படிப் பிரிப்பேன்

இழந்தால் வருத்தப்படுவோம், ஆனால் வாழ்க்கை நிற்காது என்ற அளவுள்ள தொகை எக்ஸ்சேஞ்சில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் பிட்காயினாக, சொந்த ஹார்டுவேர் வாலட்டில். பல ஆண்டுச் சேமிப்பு என்றால் மூன்றில் இரண்டு சாவி மல்டிசிக், மூன்று சாவியும் ஒரே நிறுவனத்தின் கருவியில் இல்லாமல். எதீரியத்தில் வேலை இருப்பவர்கள் அதற்கென்று தனி வாலட் வைத்து, சேமிப்பை அதன் பக்கமே கொண்டுவராதீர்கள். கருவியின் சின்னத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். பைபிட்டில் இருந்தவர்கள் அனுபவசாலிகள்.

நினைவாற்றல் குறைந்தவர்களும், வீட்டில் அமைதியில்லாதவர்களும், சாவியை நினைத்து இரவில் தூக்கம் கெடுபவர்களும் சொந்த வாலட் வைத்தே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. ஹேக்கர் எடுத்ததைவிட உரிமையாளரே தொலைத்தது குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வைக்கப்போகிறீர்கள் என்றால் பெரிய தொகையைப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கருவிக்கு மிகச் சிறிய தொகையை அனுப்புங்கள். மீட்புச் சொற்களைப் பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். அப்புறம் கருவியை முழுவதும் அழித்துவிட்டு, அந்தக் காகிதத்தை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். நான் முதல்முறை செய்தபோது ஏழாவது சொல்லில் ஓர் எழுத்து மங்கி, இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தது. அந்தச் சொற்பட்டியலில் 2,048 சொற்கள்தான், முதல் நான்கு எழுத்திலேயே ஒவ்வொன்றும் வேறுபடும் என்பதால் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியான சொல்லைப் பிடித்தேன். திரையில் அந்தச் சிறு தொகை மறுபடி தெரிந்த பிறகுதான் மீதியை அனுப்பினேன். அன்றே காகிதத்தைக் கிழித்துவிட்டு, சொற்களை எஃகுத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாகப் பொறித்தேன். அந்தத் தகடு எங்கே இருக்கிறது என்பது எனக்கும், எனக்குப் பிறகு அதைத் திறக்க வேண்டிய ஒருவருக்கும் தெரியும்.